டொக் ரோவர்ஸுக்கு அண்ணை வைத்த ஒன்பது இலைகள்

இந்த மலரைக் கையில் எடுத்தவர்கள் மூன்றாம் பக்கத்தைப் பார்த்துவிட்டு அச்சகத்தாரைத் திட்ட வேண்டாம். பிள்ளையார் படத்துக்கும் தேவாரத்துக்கும் அடுத்ததாக, தொப்பியும் கோடு போட்ட உடுப்புமாக வரிசையில் நிற்கிற அந்த ஒன்பது வெள்ளைக்காரரும் பிழையாக வந்து சேர்ந்தவர்கள் அல்லர். நான்தான் போடச் சொன்னேன். "மாமி, இது நினைவு மலரோ, ஸ்போர்ட்ஸ் மலரோ?" என்று பக்கங்களை வடிவமைத்த என் மருமகன் கேட்டார். "போடுங்கோ எண்டால் போடுங்கோவன்" என்றேன். பாவம், அவரோடு எரிந்து விழுந்து என்ன செய்ய? அண்ணையோடு வாழ்நாள் முழுக்க எரிந்து விழுந்த பழக்கம் எனக்கு.

எங்கள் பாசமிகு அண்ணை எம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவருடைய வாழ்க்கை வரலாற்றைத் தங்கை என்ற முறையில் எழுதும்படி உறவினர்கள் கேட்டார்கள். அந்த ஒன்பது பேரைச் சொல்லாமல் அண்ணையைச் சொல்ல முடியாது. அவர்களைப் பற்றி அண்ணை வாய் திறந்தபோதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டவள் நான் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அண்ணை கரவெட்டியில் மூன்று பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அடுத்தது நான். கடைக்குட்டி தம்பி. தபால் கந்தோரில் வேலை செய்த அப்பா திடீரென்று காலமானபோது அண்ணை பள்ளிக்கூடப் படிப்பை நிறுத்திவிட்டுச் சங்கக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். தம்பிக்கு அப்பாவின் முகமே நினைவில்லை. அண்ணையின் சைக்கிள் பாரில் இருந்துதான் அவன் வளர்ந்தான்.

மாலை வேளைகளில் இருவரும் பள்ளிக்கூட மைதானத்தில் எல்லே விளையாடுவார்கள். தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு, மைதானத்தைச் சுற்றியுள்ள தரிப்பிடங்களைத் தொட்டுத் தொட்டு ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேர வேண்டும். அண்ணை பந்தை அடிப்பதில் கெட்டிக்காரர். தம்பிக்கு அடிக்க வராது, ஆனால் ஓட்டமென்றால் ஓட்டம், பிடிக்கப் பிடிக்க வழுக்கிக்கொண்டு வந்துவிடுவான். சாப்பாட்டில் மட்டும் பெரிய வில்லங்கம். கைப்பு நாக்கில் படக்கூடாது. பாகற்காயைத் தன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து கள்ளமாக என் கோப்பைக்குத் தள்ளிவிடுவான்.

நாட்டு நிலைமை காரணமாக அண்ணை லண்டனுக்கு வந்தார். ஈஸ்ட் ஹாமில் ஓர் அறையில் ஐந்து பேரோடு இருந்துகொண்டு, பெற்றோல் நிரப்பும் செட்டில் வேலை செய்தார். அப்போது ஊரில் வீட்டுக்கு வீடு தொலைபேசி கிடையாது. இன்ன நாள், இன்ன நேரம் என்று அவர் கடிதம் போடுவார். நாங்கள் நெல்லியடியில் ஒரு கடைக்குப் போய்க் காத்திருப்போம்.

அப்படிக் குறித்த ஒரு நாளில் அம்மாவுக்குக் காய்ச்சல். நான் பக்கத்தில் நின்றேன். "நான் போய் அண்ணையோட கதைச்சிட்டு ஓடிவாறன்" என்று சொல்லித் தம்பி மூன்று மணிக்குச் சைக்கிளை எடுத்தான். ஈஸ்ட் ஹாம் தெருவோரத் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று அண்ணை அழைத்தார். "உங்கட தம்பி இன்னும் வரேல்லை" என்றார் கடைக்காரர். பிறகும் அழைத்தார். பிறகும் அதே பதில். சைக்கிள் பாதிவழியில் ஒரு வேலியோடு சாய்ந்து நின்றது. விழுத்திப் போட்டது போலக்கூட இல்லை, யாரோ பக்குவமாகச் சாத்தி வைத்தது போல நின்றது. யார் கொண்டுபோனார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அம்மா ஏறாத வாசல் இல்லை, படத்தைக் காட்டாத ஆளில்லை.

"நான் கோல் எடுக்கிறன் எண்டு சொல்லாட்டி அவன் வீட்டிலை நிண்டிருப்பான்." அண்ணை இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதற்குப் பிறகு எத்தனையோ சம்பந்தம் பேசி வந்தும் அவர் கலியாணம் செய்யவில்லை. காரணம் கேட்டவர்களுக்கு ஷிப்ட் வேலை என்று சொல்லிச் சமாளித்தார்.

காலப்போக்கில் அவர் பஸ் சாரதியானார். முதலில் என்னையும் பின்னர் அம்மாவையும் இந்த நாட்டுக்கு எடுத்தார். அம்மா வரும்போது தம்பியின் சாப்பாட்டுக் கோப்பையையும் சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்தா. அவவுடைய கடைசிக் கிழமையில் அண்ணையைக் கட்டிலடிக்குக் கூப்பிட்டா. "அவன் உயிரோட இருக்கேக்க நீ திவசம் செய்தால் அது அவனை நீயே கொல்லுறது மாதிரி. என்ர கையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணு." அண்ணை கையில் அடித்துச் சத்தியம் செய்தார். நான் கதவடியில் நின்றேன். என்னை அவ கேட்கவில்லை.

அன்று தொடங்கியது எனக்கும் அண்ணைக்குமான வழக்கு. தம்பி இல்லை என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், தெரியும். ஹவுன்ஸ்லோவில் என் வீட்டு வாசலில் சைக்கிள் மணி கேட்டு எழும்பி ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் நிற்கமாட்டார்கள். "செத்தவனுக்கு ஒருபிடி சோறு வைக்காமல் விட்டால் அவன் எங்கை போய் நிப்பான் அண்ணை?" என்று கேட்பேன். "சத்தியம் பண்ணினனான்" என்பார். கல்லில் நார் உரிக்கலாம், அண்ணையிடம் பதில் வாங்க முடியாது.

இனி அந்த ஒன்பது பேருக்கு வருகிறேன்.

அண்ணை தன் உழைப்பில் வாங்கிய சிறிய வீடு ஈஸ்ட் ஹாமுக்குத் தெற்கே, பழைய கப்பல் துறைப் பக்கம் இருக்கிறது. குடிபோன புதிதில், பின்வளவில் வெண்டிக்கன்று நட்டுக்கொண்டு நின்றவரைப் பார்த்துப் பக்கத்து வீட்டு டோறீன் வேலிக்கு மேலால், "நீங்கள் மூன்றாவது தரிப்பிடத்தில் நிற்கிறீர்கள், தெரியுமா?" என்று கேட்டா. டோறீன் இன்று தொண்ணூறை எட்டும் வயதுடைய வெள்ளைக்கார அம்மா. அண்ணை ஏதோ சட்டப்பிரச்சினை என்று பயந்து மண்வெட்டியைப் போட்டுவிட்டாராம்.

விசயம் இதுதான். அந்த வீடுகள் நிற்கிற இடத்தில் முன்பு ஒரு பெரிய மைதானம் இருந்தது. நாய் ஓட்டப் பந்தயம் நடத்திய முதலாளி ஒருவர், பந்தயம் இல்லாத நாட்களில் மைதானம் சும்மா கிடப்பதைப் பார்த்துப் பொறுக்க மாட்டாமல், எங்கள் எல்லேயைப் போன்ற பேஸ்போல் விளையாடச் சம்பளத்துக்கு ஆட்களைச் சேர்த்தார். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முந்திய காலம். கனடாவிலிருந்து வேலையும் படிப்பும் தேடி வந்து லண்டனில் நின்ற இளைஞர்கள் எட்டுப் பேர். ஒன்பதாவது ஆளாக, கப்பலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த டோறீனின் தகப்பனார். அணிக்கு டொக் ரோவர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். படத்தில் வலப்பக்க ஓரத்தில், தொப்பி காதை மூடுகிற அளவுக்குப் பெரிதாக நிற்கிறவர்தான் டோறீனின் தகப்பனார்.

சனத்துக்கு அந்த விளையாட்டின் ஒரு சட்டமும் தெரியாது. ஒலிபெருக்கியில் ஒருவர் ஆட்டம் நடக்க நடக்க விளக்கம் சொல்லுவாராம். அடித்தவன் ஏன் தடியை எறிந்துவிட்டு ஓடுகிறான் என்று கிழவர்கள் சத்தம் போட்டுக் கேட்பார்களாம். முதல் கோடையில் நல்ல கூட்டம், நல்ல வெற்றி. இரண்டாம் கோடையில் புதினம் பார்க்கிற ஆசை தீர்ந்துவிட்டது. கதிரைகள் வெறுமையாகின. கடைசி ஆட்டம் இரண்டு பக்கமும் சமநிலையில் நிற்க, டோறீனின் தகப்பனார் மூன்றாவது தரிப்பிடத்தில் ஓடத் தயாராக நின்றபோது மழை கொட்டியது. வருகிற சனிக்கிழமை விட்ட இடத்திலிருந்து தொடருவோம் என்றார்கள். சனிக்கிழமை வந்து பார்த்தால் மைதானத்து வாசல் படலையில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது: அணி கலைக்கப்பட்டது. எட்டுப் பேரும் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். போர் வந்தது. பிறகு மைதானத்தை இடித்து வீடு கட்டினார்கள். இரண்டே கோடைதான் அந்த அணியின் ஆயுள்.

தகப்பனார் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஆட்டப் பதிவுப் புத்தகத்தை டோறீன் அண்ணையிடம் கொடுத்தா. இத்தனை வருடத்தில் அதைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள் அவர்தானாம். அண்ணை அதை எனக்குக் காட்டினார். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு சிறிய சாய்சதுரம். ஒரு தரிப்பிடம் ஓடினால் ஒரு பக்கம் மையால் கீறுவார்கள். நான்கு பக்கமும் கீறினால் ஆள் வந்து சேர்ந்துவிட்டார் என்று பொருள். கடைசிப் பக்கத்தின் கடைசிச் சதுரத்தில் மூன்று பக்கம்தான் கீறியிருந்தது. அண்ணை அந்த நான்காவது பக்கத்தை விரலால் தடவினார்.

"பார் பிள்ளை. ஆட்டமும் இழக்கேல்லை. வந்தும் சேரேல்லை. இடையிலை நிக்குது."

"உங்களுக்கு வேறை வேலை இல்லை" என்றேன்.

அவருக்கு உண்மையிலேயே வேறு வேலை இல்லாமற் போய்விட்டது. ஷிப்ட் முடிந்தால் நூலகம். பழைய பத்திரிகைகளைத் துருவித் துருவி அந்த எட்டுப் பேருக்கும் என்ன நடந்தது என்று தேடினார். ஒருவர் விமானத்தோடு கடலில் போனார். ஒருவர் கப்பலோடு போனார். ஒருவர் கனடாவில் முதியோர் இல்லத்தில் தனியே செத்தார். அவருடைய உறவினருக்கு அண்ணை கடிதம் எழுத, "அவர் விளையாடினார் என்பதே எங்களுக்குத் தெரியாது" என்று பதில் வந்தது. சிலருக்கு ஒரு தடயமும் இல்லை. இரண்டு கோடை அவர்களுக்குக் கைதட்டிய ஊரில் அவர்களுக்கென்று ஒரு கல்கூடக் கிடையாது.

அந்த ஆண்டு ஆடி அமாவாசைக்கு நான் போனபோது, குசினி நிலத்தில் அப்பாவுக்கு வழமையாகப் போடும் வாழையிலைக்குப் பக்கத்தில் இன்னும் ஒன்பது இலைத் துண்டுகள் இருந்தன.

"இது ஆருக்கு?"

"படத்திலை நிக்கிறவைக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு ஆத்திரம் வந்தது. "அவங்கள் வேதக்காரர். அவங்களுக்கு எதுக்கு உங்கட காத்தோட்டிக்காய்க் கறி?"

ஆடி அமாவாசைக்குக் காத்தோட்டிக்காய் என்கிற அந்தக் கைப்புக் காய் இல்லாமல் எங்களுக்குப் படையல் இல்லை. ஈஸ்ட் ஹாமில் கடை கடையாக ஏறி அதை வாங்கியிருந்தார். அண்ணை குனிந்து சோற்றைப் பரிமாறிக்கொண்டே சொன்னார்: "கடைசித் தரிப்பு மட்டும் கொண்டுபோய் இறக்காமல் சாரதி பஸ்ஸை விட்டிட்டுப் போகேலாது பிள்ளை. இவையை நடுவிலை இறக்கிவிட்டிட்டாங்கள்."

நான் உதவிக்குக் கறி வைத்தேன். ஒன்பதாவது இலைக்கு வந்தபோது கையைப் பிடித்துவிட்டார். "அதுக்குக் காத்தோட்டிக்காய் வைக்காதை. டோறீனின்ர தகப்பனுக்குக் கைப்புப் பிடியாது."

"அது உங்களுக்கு ஆர் சொன்னது?"

"டோறீன் சொன்னவ."

படைத்து முடிந்ததும் காகத்துக்கு வைக்கப் பின்கதவைத் திறந்தோம். கொட்டில் கூரையில் காகத்துக்குப் பதிலாகக் கடற்பறவைதான் வந்து கொத்தும். அதை விரட்டிக்கொண்டு நின்றபோதுதான் நான் அதைக் கேட்டேன். வேலி ஓரமாக யாரோ ஓடிவருகிற காலடிச் சத்தம். செருப்பில்லாத கால். குசினி வாசலடிவரை வந்து நின்றது. எட்டிப் பார்த்தேன். வெண்டிக்கன்றுதான் நின்றது. திரும்பினால் அண்ணை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயும் கேட்டனியோ?"

"இல்லை" என்றேன். பொய் சொன்னேன். மணிக்கூட்டைப் பார்த்தேன், மூன்று.

அதற்குப் பிறகு பதினொரு வருடம். ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் ஒன்பது இலை. பின்கதவை அவர் பூட்டுவதே இல்லை. வீட்டுக்குக் கள்ளன் வரப்போகிறான் என்று நான் பேச, "வரட்டும், சாப்பிட்டிட்டுப் போகட்டும்" என்பார். எனக்கு உள்ளுக்குள் எரியும். ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் இலை, கூடப்பிறந்தவனுக்கு இல்லை. சென்ற ஆண்டு ஆடி அமாவாசைக்கு முதல்நாள் தொலைபேசியில் அதைச் சொல்லியே விட்டேன். "ஆரோ வெள்ளைக்காரனுக்குச் சோறு போடுறியள். தம்பி எங்கையோ பட்டினியா நிக்கிறான். நீங்கள் எல்லாம் ஒரு அண்ணையோ?"

பதிலுக்குக் காத்திராமல் நான் வைத்துவிட்டேன். மறுநாள் மூன்று தடவை அழைத்தார், எடுக்கவில்லை. நான் போகாத ஒரே ஆடி அமாவாசை அதுதான். தனியாகவே சமைத்து, தனியாகவே படைத்திருக்கிறார்.

மூன்று கிழமைக்குள் ஒருநாள், மதியமாகியும் முன்பக்கத் திரைச்சீலை திறக்காததைக் கண்டு டோறீன் பூட்டாத பின்கதவால் உள்ளே போய்ப் பார்த்து அம்புலன்சுக்கு அடித்தா. வைத்தியசாலையில் அண்ணை இரண்டு நாள் இருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்க, கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "இலை ஒன்பதையும் விட்டிடாதை பிள்ளை" என்றார். சாகக் கிடக்கிற நேரத்திலும் இந்த மனுசனுக்கு அந்த ஒன்பது பேரின் நினைப்புத்தானே என்று எனக்கு வந்த கோபத்தை எழுதவே கை கூசுகிறது. "ஓம், ஓம், விடமாட்டன்" என்றேன். அவர் கேட்டு, நான் சண்டை பிடிக்காமல் ஓம் சொன்ன முதலாவது விசயம் அதுதான். விடிவதற்குள் போய்விட்டார்.

என் கணவர் முன்பே காலமானபடியால், அண்ணையின் வீட்டுக்கு நானே குடிவந்தேன். இந்த ஆண்டு ஆடி அமாவாசை வந்தது. சொன்ன சொல்லுக்காக அப்பாவுக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்பது என்று இலை போட்டேன். வரிசையில் காத்தோட்டிக்காய் வைத்துக்கொண்டு வந்து, ஒன்பதாவதில் பழக்கத்தில் கையை நிறுத்திக்கொண்டேன். வழமைபோலச் சாப்பிட வந்த டோறீன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு இலைகளை எண்ணினா. எண்ணிவிட்டுக் கதிரையில் இருந்தா.

"நீயும் ஒன்பது வைத்திருக்கிறாயே" என்றா.

"உங்கள் அப்பாவுக்குக் கைப்புப் பிடிக்காதாம், அதையும் நினைவு வைத்துத்தான் செய்தேன்" என்றேன், கொஞ்சம் பெருமையும் புழுகமுமாக.

"என் அப்பாவுக்கா? அவர் எதையும் சாப்பிடுவார்" என்றா டோறீன். பிறகு மெதுவாகச் சொன்னா. முதல் ஆண்டு படைப்பதற்கு முன்பே, தன் தகப்பனாருக்கு இலை வேண்டாம் என்று அண்ணையிடம் சொல்லிவிட்டாவாம். "அப்பா அன்றைக்கு மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகும் சாகும்வரை ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். அவருக்குக் கல்லறை இருக்கிறது, பூ வைக்க நான் இருக்கிறேன். அவருக்கு எதற்கு?" அண்ணை, "அப்படியென்றால் அவர் நின்ற இடத்தை என்னுடைய தம்பிக்குத் தருவீர்களா?" என்று கேட்டாராம். தங்கச்சிக்கு மட்டும் சொல்லிவிட வேண்டாம் என்றும் கேட்டாராம். வாய்விட்டுச் சொன்னால் அது தாய்க்குக் கொடுத்த சத்தியத்தை மீறியதாகிவிடுமாம். அவர் போன பிறகும் டோறீன் அதைக் காத்துக்கொண்டு, நான் எத்தனை இலை போடுவேன் என்று பார்த்திருந்திருக்கிறா.

அப்படியே நிலத்தில், அந்த ஒன்பதாவது இலைக்கு முன்னால் இருந்துவிட்டேன். கைப்பு இல்லாத இலை. பதினொரு வருடமாகப் பக்கத்தில் குனிந்து நின்று பரிமாறியிருக்கிறேன். பாகற்காயை என் கோப்பைக்குத் தள்ளிய பெடியனை எனக்கு விளங்கவில்லை. நீங்கள் எல்லாம் ஒரு அண்ணையோ என்று கேட்டேனே, ஐயோ, அந்த மனுசன் அதையும் கேட்டுக்கொண்டு, மறுநாள் அவனுக்கு இலை போட்டிருக்கிறாரே.

அன்று மூன்று மணிக்குப் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். காலடி கேட்கவில்லை. கடற்பறவைகூட வரவில்லை. அம்மா கொண்டுவந்த கோப்பையை எடுத்துக் கழுவி, அந்தச் சோற்றை அதற்கு மாற்றினேன்.

இனி நன்றி சொல்ல வேண்டிய இடம். அண்ணையின் உடலைச் சுமந்த டிப்போ நண்பர்களுக்கும், வைத்தியசாலையில் அவருடைய கையைப் பிடித்திருந்த தாதிக்கும், கிரியைகளைச் செய்த குருக்களுக்கும், வெம்பிளியிலிருந்து பானை பானையாகச் சமைத்துக் கொண்டுவந்த மச்சாள்மாருக்கும், கொள்ளி வைத்த என் மகனுக்கும், என் வாயைச் சகித்துக்கொண்ட மருமகனுக்கும் எங்கள் நன்றி உரித்தாகட்டும். டோறீனுக்கு நன்றி என்ற சொல் போதாது.

கடைசியாக, மூன்றாம் பக்கத்துப் படத்தில் வலப்பக்க ஓரத்தில் பெரிய தொப்பியோடு நிற்கிறவருக்கு. ஐயா, எங்கள் தம்பி இத்தனை வருடமும் உங்கள் பெயரில் சாப்பிட்டான். சத்தியம் செய்தது அண்ணை. நான் ஒருவருக்கும் கையில் அடித்துக் கொடுக்கவில்லை. அண்ணையின் ஆண்டுத் திவசத்தன்று, அண்ணையின் இலைக்குப் பக்கத்தில் தம்பிக்கும் ஓர் இலை போட்டு, அவனுடைய பெயரை வாய்விட்டுச் சொல்லிக் கூப்பிடப் போகிறேன். உங்கள் இடத்தை உங்களிடமே திருப்பித் தருகிறேன்.

அம்மா சொன்னதுதான் சரி, அவன் எங்காவது உயிரோடுதான் இருக்கிறான் என்றால், வந்து என்னைக் கிழிகிழியென்று கிழிக்கட்டும். பின்கதவை நானும் பூட்டுவதில்லை.

தங்கை